வெறும் வயிற்றுச் சர்க்கரை

நூற்று முப்பத்தெட்டு.
சீட்டைப் பார்த்துவிட்டு மல்லிகேஸ்வரி கேட்டாள்,
"நைட்டு அத்தோ துன்னியா இல்லியா?"
ஸ்டியரிங் மேல் சத்தியம், தின்னவில்லை.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
ஜீரோ கேட்டுக்கு எவ்வளவோ முன்னாலேயே
பதினொரு மணிநேரம் நின்றிருந்தது வண்டி.
ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான்.
பிறகு யார் கொட்டியது
என் ரத்தத்தில் இத்தனை சர்க்கரையை?

வயிற்றில் தடவிய கூழ் காய்வதற்குள்
டாக்டர் நஸ்ரின் திரையைத் திருப்பிக் காட்டினார்.
மணலிப் பக்கத்து விடிகாலை வானம் மாதிரி
வெளிறிய சாம்பல்.
"இது உங்க கல்லீரல்.
கொட்டுனது இதுதான்."

தொப்பையை நான்
இறக்க மறந்த லோடு என்றுதான் நினைத்திருந்தேன்.
சும்மா கிடக்கும் சரக்கு,
டெமரேஜ் ஏறும், வேறென்ன.
அது பேசுமாம்.
கொழுப்பு பேசுமாம்.
ரெசிஸ்டின் என்று ஒரு ஹார்மோன்,
கையெழுத்தில்லாத கடுதாசி போல
ரத்தத்தில் மிதந்து கல்லீரலுக்குப் போகுமாம்:
இன்சுலின் வந்து போதும் நிறுத்து என்றால்
நம்பாதே.

மொட்டைக் கடுதாசியால் நின்றுபோன கல்யாணங்கள்
எங்கள் தெருவில் மூன்று.
நிற்க வேண்டிய உலை நிற்காமல் போனதை
இப்போதுதான் கேட்கிறேன்.
கரண்ட் வந்துவிட்டது, தெருவெல்லாம் விளக்கு,
அப்புறமும் டபடபவென்று
டீசல் குடித்துக்கொண்டே இருக்கிற ஜெனரேட்டர்;
அப்படி ராத்திரி முழுக்க
யாரும் கேட்காத சர்க்கரையைக் காய்ச்சுகிறது.

"எலிங்ககிட்ட இது தெளிவா தெரிஞ்சுது.
மூணே வாரம் கொழுப்புத் தீனி,
கல்லீரல் முரண்டு பிடிச்சுது.
அந்த ஹார்மோனைக் குறைச்சதும் பேச்சைக் கேட்டுச்சு.
மனுஷங்க விஷயத்துல எந்த அளவுக்குன்னு
இன்னும் தெரியாது."
ஒரு டாக்டர் வாயால் தெரியாது என்ற சொல்லை
அன்றுதான் கேட்டேன்.
அதனாலேயே மீதியை நம்பினேன்.

மூன்று வாரமாம்.
கோடவுன் எலிகளை எனக்குத் தெரியும்,
கோதுமை மூட்டையில் பிறந்து அதிலேயே பருத்தவை.
நான் பத்தொன்பது வருடமாக
லைனில் நின்று தின்கிறேன்:
பரோட்டா, சால்னா, முட்டையில் பிளந்து பூண்டு வைத்தது,
கேட் திறக்காத எரிச்சலுக்கு
ஒரு தட்டு பேஜோ, மேலே.

சீட்டில் எழுதியிருந்தது: இன்சுலின் எதிர்ப்பு.

எதிர்ப்பு
எங்கள் பக்கத்தில் நல்ல வார்த்தை.
துறைமுகம் நின்ற வருடம் அப்பா அதை
சிவப்புத் துணியில் எழுதிக் கட்டினார்.
அடுப்பு எரியாத பதினாறு நாளும்
வீட்டில் அந்த வார்த்தைதான் சாப்பாடு.
இப்போது அதுவே என் விலாவுக்குக் கீழே.
வேலையை நிறுத்த மறுக்கும்
வேலைநிறுத்தம்.
கொடி யாருடையது, கூலி யாருக்கு,
கேட்டுச் சொல்ல ஒரு சங்கமும் இல்லை.

"நடங்க" என்றிருந்தார்.
எங்கே நடப்பது?
ராத்திரி இரண்டரைக்கு வண்டியைப் பூட்டிவிட்டு
முன்னால் நின்ற டிரெய்லர்களை எண்ணிக்கொண்டு போனேன்.
இடப்பக்கம் கருங்கல்லில் கடல் அறைந்தது.
இருபத்திரண்டாவது வண்டியிலிருந்து
கிளீனர் தேசிங்கு தலையை நீட்டினான்.
"இன்னாண்ணே, டீசலு திருடுனவனைத் தேடுறியா?"
"கடுதாசிக்குப் பதில் போடப் போறேன்."
புரியாமல் பீடியைப் பற்றவைத்தான்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
அப்போது பார்த்துத் திறந்தது கேட்.
முன்னால் லைன் நகர்கிறது.
பின்னால் என் வண்டியில் ஆளில்லை.
அதற்கும் பின்னால்
எண்ணூர் வரைக்கும் ஹாரன்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஓடினேன்,
வயிறு ஒரு அடி முன்னால்,
நான் பின்னால்.